முதலில் பார்ப்பவள்

ஜனவரி 21

"நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்ப்பீங்க மேம்?"

மூன்றாம் ஆண்டு நஸ்ரின் இன்று வகுப்பில் கேட்டாள். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தேவைக்கு மட்டும்" என்றேன். அது பதில் ஆகாது என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். மார்ச் பதினான்காம் தேதி மாணவிகளுக்கு ஓர் உரை நிகழ்த்தும்படி முதல்வர் காலையில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். 'சமூக ஊடகமும் மாணவர் தேர்ச்சியும்.' "மங்கையர்க்கரசி மேடம்தான் இதுக்குச் சரி. உங்க கையில நான் போனைப் பார்த்ததே இல்லை" என்றார். உண்மைதான். நான் முகநூலில் இல்லை. வாட்ஸ்அப் வைத்திருப்பதும் பொருளியல் துறைக் குழுவில் அறிவிப்பு வருகிறது என்பதற்காக. இன்றுவரை ஒரு ஸ்டேட்டஸ் போட்டதில்லை. இதையெல்லாம் வகுப்பில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். உடனே இந்தக் கேள்வி.

மாலையில் நான்காம் இயலை எடுத்துவைத்தேன். ஆய்வேட்டின் தலைப்பை இங்கே எழுதி வைக்கிறேன். பார்த்தாவது வெட்கம் வரட்டும்: திருச்சி மண்டிகளில் வாழைத்தார் ஏலமும் விலை நிர்ணயமும். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. மார்ச் கடைசிக்குள் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பதிவு ரத்து. மண்டியில் வாழைச் சருகின்மேல் நின்றுநின்று சேர்த்த அத்தனையும் பழைய பேப்பர்காரனுக்கு.

ஆறு இயல்களில் மூன்று முடிந்திருக்கிறது.

ஜனவரி 22

நான்காம் இயல்: ஒரு பத்தி. அதையும் அடித்துவிட்டேன். காஸ் சிலிண்டர் வந்தது.

ஜனவரி 26

கல்லூரியில் கொடியேற்றம். மிட்டாய் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் வீடு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் மின்வாரிய அலுவலகத்தில் கொடியேற்றப் போனவர் மதியம்தான் வருவார். வீடு அமைதியாக இருந்தது. எழுத நல்ல நாள்.

பிலோமினா 143ஆம் பக்கத்தில் இருக்கிறாள். காலையில் பால் காயும்போது தற்செயலாகப் பார்த்தேன்.

பிலோமினா என்னோடு எம்.ஏ. படித்தவள். விடுதியில் பக்கத்து அறை. இப்போது திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு அங்கேயே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். எங்கள் இருவருக்கும் பாடம் நடத்திய தனகோபால் சாரிடம்தான் இருவரும் ஒரே நாளில் ஆய்வுக்குச் சேர்ந்தோம். அவளுடையது நிலக்கோட்டைப் பூச்சந்தை. எம்.ஏ.வில் நான் பல்கலைக்கழகத்தில் முதல். அவள் எங்கள் வகுப்பில் ஒன்பதாவதோ பத்தாவதோ. கூட்டலே வராது. "மங்கை, இதைக் கொஞ்சம் கூட்டிப் பாரேன்" என்று நோட்டை என் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். வருவதற்குள் நான் கூட்டி, பிழை திருத்தி வைத்திருப்பேன்.

அவள்தான் இப்போது தினமும் விடிவதற்குள் எழுந்து, எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறாள். ஓரத்தில் ஒரு டீ டம்ளர் தெரியும். கீழே 'இன்று மூன்று' என்று ஒரு வரி. அவ்வளவுதான். எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டு போக வேண்டியதுதானே, ஊரைக் கூட்டிக் காட்டுவானேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்கவில்லை, அதில் எனக்கு அக்கறை இல்லை. பக்க எண்ணைத்தான் பார்த்தேன். நேற்று 140.

மதியம் இன்னொரு முறை திறந்தேன், 143தானா என்று உறுதி செய்துகொள்ள. 143தான்.

நான்காம் இயலுக்குத் துணைத்தலைப்புகள் மட்டும் எழுதினேன். புளி ஊறவைத்து மறந்துபோய், ராத்திரி ரசம் மட்டும்.

பிப்ரவரி 3

உரைக்காக ஒரு சின்னக் கணக்கெடுப்பு. மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், போனில் செலவாகும் நேரத்தையும் போன உள்தேர்வு மதிப்பெண்ணையும் எழுதச் சொன்னேன். ஆசிரியர் அறையில் வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். அதிக நேரம், குறைந்த மதிப்பெண் என்று பெரும்பாலும் நான் நினைத்தபடிதான் இருந்தது. ஆனால் ஒரு சீட்டில் எல்லோரையும்விட அதிக நேரம், எல்லோரையும்விட அதிக மதிப்பெண். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நஸ்ரினை வரவழைத்துக் கேட்டேன்.

"நாங்க நாலு பேரும் வீடியோ கால் போட்டுட்டுப் படிப்போம் மேம். பேச மாட்டோம். சத்தத்தை அணைச்சிருவோம். போனைப் புத்தகத்து மேல திருப்பி வைச்சிருவோம். மூஞ்சி தெரியாது, பக்கம் மட்டும் தெரியும்."

"படிக்கறதுக்கு எதுக்கு இன்னொருத்தி பார்க்கணும்?"

"பார்க்கலேன்னா தூங்கிடுவோம் மேம்."

"நீ உனக்காகப் படிக்கிறியா, அவளுக்காகப் படிக்கிறியா?"

யோசித்தாள். "தெரியலை மேம். மார்க் எனக்குத்தானே வருது."

இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தனியாக எதுவும் செய்யத் தெரியவில்லை. அந்தச் சீட்டை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்துவிட்டேன். இப்போது கோடு சரியாக இறங்குகிறது.

பிலோமினா 158.

பிப்ரவரி 9

ஞாயிறு. நான்காம் இயலின் அட்டவணையில் ஒரு வாரத்து ரஸ்தாளி ஏல விலை விடுபட்டிருக்கிறது. அதிகாலையில் மண்டிக்குப் போனேன். லாரியிலிருந்து தார்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ஈரம். ஏலம் விடும் பிச்சைமணிக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். "வாங்க டீச்சர், இன்னும் பாஸ் பண்ணலையா?" என்றார். ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேட்பார்.

பூவன் முடிந்தது. அடுத்து ரஸ்தாளி. கடைசியாகப் படியும் விலைதான் எனக்கு வேண்டும். மிச்சமெல்லாம் கூச்சல். அப்போது போன் பக்கம் கண் போனது. அந்த நேரம் அவள் போட்டுவிடுவாள். 'இன்று ஐந்து.' ஐந்து பக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டியவள் ஐந்து பக்கம் எப்படி எழுதுவாள். அட்டவணையாக இருக்கும், அட்டவணை இடத்தை அடைத்துவிடும் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டவணை இல்லை. நெருக்கமான எழுத்து.

நிமிர்ந்தபோது ரஸ்தாளி போய்விட்டிருந்தது. தாரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவுக்குப் போச்சு?"

"உங்க மூஞ்சிக்கு நேராத்தானே டீச்சர் சொன்னேன். போன்ல இருந்தீங்க." பிறகு இரக்கப்பட்டு ஒரு விலை சொன்னார். அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். நான் ஏலத்தில் கேட்டு எழுதியதல்ல, அவர் சொல்லி எழுதியது. ஆய்வேட்டில் இதற்கு அடிக்குறிப்பு போட முடியாது.

ஒரு சீப்பு பச்சைநாடன் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 14

தனகோபால் சாரைப் பார்க்கப் பல்கலைக்கழகம் போனேன். நான்காம் இயலைக் கேட்டார். முக்கால்வாசி என்றேன். பாதிகூட இல்லை. "ஏம்மா, உன்னைப் பத்தி நான் கவலையே படலை. பிலோமினாவை நினைச்சுத்தான் பயந்தேன். இப்ப பாரு" என்றார். மேசைமேல் அவளுடைய இயல்கள் கிளிப் போட்டு அடுக்கியிருந்தன. நான்கு கட்டு.

ஒரு விஷயம் சொன்னேன். அக்கறையில்தான் சொன்னேன். "சார், அவ தினமும் ஆய்வுப் பக்கங்களை ஸ்டேட்டஸ்ல போடறா. வெளியிடாத தரவு. யாராவது எடுத்துப் போட்டுக்கிட்டா அவளுக்குத்தான் நஷ்டம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நல்லது."

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் போனை எடுத்தார். மெதுவாகத் தள்ளித்தள்ளிப் பார்த்தார். "என் மச்சினன் பழனிக்குப் போயிருக்கான். அது வருது. நம்ம கிளார்க் தம்பி ஆட்டுக்குட்டியைப் போட்டிருக்கான். பிலோமினா ஒண்ணும் போடலையேம்மா. எனக்கு எதுவும் வரலை."

சாருக்குத் தெரியக் கூடாதென்று மறைத்திருக்கிறாள். சாமர்த்தியம்தான்.

பேருந்தில் வரும்போது மறுபடி பார்த்தேன். எனக்கு வருகிறது. 184.

பிப்ரவரி 15

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன். "ஸ்டேட்டஸ் போட்டா எல்லாருக்கும் தெரியாதா?"

"யாருக்குக் காட்டணுமோ அவங்களுக்கு மட்டும் காட்டலாம். யார் யார் பார்த்தாங்கன்னும் தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"போட்டவங்களுக்கு. கீழே கண்ணு மாதிரி ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டா பேரும் நேரமும் வரும். இதுகூடத் தெரியாதா உனக்கு? மோர் ஊத்து."

மோரை ஊற்றினேன். தட்டிலும் ஊற்றினேன், மேசையிலும் ஊற்றினேன்.

ஒரு வருடத்துக்கு மேலாக அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு நாள் விடவில்லை. பதில் அனுப்பாவிட்டால் பார்த்தது தெரியாது என்று நினைத்திருந்தேன். தினமும் என் பெயரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்திருப்பாள். திண்டுக்கல்லில் அண்ணியிடமும் காட்டிச் சிரித்திருப்பாள்.

பக்கம் 187. இதுதான் கடைசி. இனிப் பார்க்க மாட்டேன்.

பிப்ரவரி 16

பார்க்கவில்லை. ஒரு பக்கம் எழுதினேன்.

பிப்ரவரி 17

பார்க்கவில்லை. இரண்டு பக்கம். விடைத்தாள் திருத்தம் வேறு.

பிப்ரவரி 18

பார்க்கவில்லை. மூன்று. நான்காம் இயலில் முடிவுரை மட்டும் பாக்கி. மோட்டார் ரிப்பேர், குடத்தில் தண்ணீர் தூக்கினேன். முதுகு வலி.

பிப்ரவரி 19

பார்க்கவில்லை. நான்காம் இயல் முடிந்தது.

மாலையில் பிலோமினாவிடமிருந்து செய்தி. "மங்கை, உடம்பு சரியில்லையா?"

குத்திக்காட்டுகிறாள். ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறாள், வேறென்ன. "நலம்" என்று ஒரு சொல் போட்டேன். உடனே கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

பிப்ரவரி 20

பார்த்தேன். இனி என்ன மறைக்க இருக்கிறது.

பக்கம் 187. அதே பக்கத்தையே மறுபடி போட்டிருக்கிறாள். நான் பார்க்காத நாட்களில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப்போட்டுப் பார்த்தேன். 187.

மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. இன்று முழுவதும் அந்த இதத்திலேயே போய்விட்டது. எழுத உட்காரவில்லை.

பிப்ரவரி 21

191.

பிப்ரவரி 26

208. எப்படி.

மார்ச் 4

நோன்பு தொடங்கிவிட்டது. நஸ்ரின் கடைசிப் பெஞ்சில் உதடு காய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தே பதில் சொல் என்றால் கேட்பதில்லை, எழுந்துதான் சொல்வாள். விடியுமுன் சஹர் சாப்பிட எழுந்தால் மறுபடி படுக்காமல் அப்படியே நான்கு பேரும் கூப்பிட்டுக்கொண்டு படிக்கிறார்களாம். கூட்டத்தில் ஒருத்தி ஸ்ரீரங்கம், அவளுக்கு நோன்பும் இல்லை ஒன்றும் இல்லை, இவர்களுக்காக அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள்.

"அவளுக்கு என்ன தலையெழுத்து?" என்றேன்.

"அவ பார்க்கறான்னுதான் நாங்க எழுந்திருக்கோம்னு அவ சொல்றா மேம். நாங்க பார்க்கறோம்னுதான் அவ எழுந்திருக்கான்னு நாங்க சொல்றோம்."

என் காலத்தில் அதிகாலையில் எழுப்ப ஓர் அலாரம் போதும். இப்போதும் நான் தானாகத்தான் எழுந்திருக்கிறேன்.

ஐந்தாம் இயல் இன்னும் தொடங்கவில்லை. பிலோமினா 226.

மார்ச் 7

இன்று டீ டம்ளர் இல்லை. பக்கத்தின் கீழே கோடு போட்டு 'முற்றும்' என்று எழுதிப் படம் எடுத்திருக்கிறாள். ஆய்வேட்டில் யாராவது முற்றும் போடுவார்களா. கதைப் புத்தகமா இது.

குக்கர் எத்தனை விசில் அடித்ததென்று தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அவர் அதையே சாப்பிட்டார். "தீயற வாசனை வந்ததே, எங்க இருந்தே?" என்று மட்டும் கேட்டார். அடுப்படியில்தான் இருந்தேன்.

மார்ச் 12

நீட்டிப்புக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கப் பல்கலைக்கழகம் போனேன். இல்லை. பிரிவு அலுவலர் தலையைத் தூக்காமல் சொன்னார்.

வெளியே வந்தால் எதிரே பிலோமினா. கையில் மெரூன் அட்டை போட்ட கனமான பிரதிகள், முதுகில் பொன்னெழுத்து. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வந்திருக்கிறாள். முடி பாதி நரைத்துவிட்டது. சாயம் அடிப்பதில்லை போலிருக்கிறது. ஸ்டேட்டஸில் அவள் முகம் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மங்கை" என்று கூப்பிட்டுவிட்டுப் பிரதிகளை என் கையில் கொடுத்தாள். விடுதியில் நோட்டைக் கொடுப்பாளே, அதே மாதிரி. "பிடிடி கொஞ்சம், கை விட்டுப்போச்சு." நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஆய்வேட்டைச் சுமந்து, அவளோடு வரிசையில் நின்று, ரசீது வாங்கும்வரை கூட இருந்தேன்.

பிறகு கேன்டீன். தயிர்சாதமும் மிளகாய்த்துவையலும். முதலில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"சார் சொன்னார், நீ என் ஸ்டேட்டஸ் பத்திப் பேசினியாம்."

தயிர்சாதத்தை மறுபடி பிசைந்தேன். "அக்கறையில..."

"தெரியும்" என்றாள். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு துவையலைத் தொட்டுக்கொண்டாள். "அதுவும் நல்லதுக்குத்தான். அன்னிக்கே சார் எனக்குப் போன் பண்ணி, 'அப்படியென்னம்மா எழுதறே, எனக்கும் அனுப்பு'ன்னார்."

"சாருக்கு ஏன் காட்டலை நீ?"

"யாருக்குமே காட்டலைடி."

புரியவில்லை. அவள் போனை எடுத்து, என் பக்கம் திருப்பிக் காட்டினாள். யாருக்குத் தெரிய வேண்டும் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். மங்கை.

"மொதல்ல எல்லாருக்கும்தான் போட்டேன். எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரே சிரிப்பு. இந்த வயசுல பாரு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரின்னு. அண்ணி கேட்டா, டாக்டர் ஆகி யாருக்கு ஊசி போடப் போறேன்னு. சரி, நிறுத்திடலாம்னு இருந்தேன். யார்தான் பார்க்கறாங்கன்னு ஒரு நாள் தொட்டுப் பார்த்தா, தினமும் மொத ஆளா நீ. விடியறதுக்குள்ள. நான் போட்ட நிமிஷமே. ஊரே தூங்குது, நீ ஒருத்தி முழிச்சிருக்கே. அப்பறம் எல்லாரையும் எடுத்துட்டு உன்னை மட்டும் வைச்சுக்கிட்டேன்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"சில நாள் ஒண்ணும் ஓடாது மங்கை. படுத்துடலாம்னு இருக்கும். மங்கை திறந்து பார்ப்பாளே, ஒண்ணும் இல்லைன்னா என்ன நினைப்பான்னு அரைப் பக்கமாவது எழுதிடுவேன். யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வந்தவ பார்க்கறா, தப்பா எழுதக்கூடாதுன்னு ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் படம் எடுப்பேன். நடுவுல நாலு நாள் நீ பார்க்கலை. எனக்கு ஒரு வரி ஓடலை. பயந்துட்டேன், உனக்கு என்னமோ ஏதோன்னு."

அந்த நாட்களில்தான் நான் நான்காம் இயலை முடித்தேன் என்று சொல்லவில்லை.

"நன்றியுரையில உன் பேரைப் போட்டிருந்தேன். சார் அடிச்சுட்டார். 'கூடப் படிச்சவங்களுக்கெல்லாம் போட்டா முடிவே இருக்காது'ன்னுட்டார்." சிரித்தாள். "சரி, நீ எத்தனாவது பக்கத்துல இருக்கே?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் இந்தக் கேள்வியைக் கேட்கிறாள். நான் அவளைப் பற்றித் தினமும் கேட்டுக்கொண்ட கேள்வி. "ரெண்டு இயல் பாக்கி" என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். மார்ச் கடைசி என்பது அவளுக்கும் தெரியும். ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"நாளையிலேர்ந்து நீ போடு. நான் பார்க்கறேன்."

"போட என்ன இருக்கு?"

"எழுதினா இருக்கும்" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வயிறெரிந்தது எனக்கு, உலை கொதித்தது அவளுக்கு. ஒரு வருடமாக நான் பொறாமைப்பட்டதில் ஒருத்தி டாக்டர் ஆகப்போகிறாள். இதைவிடப் பொறாமைப்பட என்ன இருக்கிறது.

மார்ச் 13

அவள் சொன்னபடி எதுவும் செய்யவில்லை. எனக்கு யாரும் பார்த்து எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுதவும் இல்லை.

நாளை உரை. தீர்மானங்கள்: எழுந்ததும் போனைத் தொடுவதில்லை. ஐந்தாம் இயலில் இரண்டு பக்கம் எழுதிவிட்டுத்தான் கல்லூரிக்கு. உரையில் என் கணக்கெடுப்பை மட்டும் சொல்வது, கோடு இறங்குவதைக் காட்டுவது, கதை எதுவும் வேண்டாம். நஸ்ரின் மறுபடி கேட்டால் அதே பதில், தேவைக்கு மட்டும்.

மார்ச் 14

நடந்தது இது.

எழுந்ததும் போனைத் தொட்டேன். பிலோமினா எதுவும் போட்டிருக்கவில்லை. முடித்துவிட்டவள் எதைப் போடுவாள். ஆனாலும் மூடிவிட்டு இரண்டு முறை திறந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

பிறகு மேசையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வரவில்லை. ஐந்தாம் இயலின் முதல் பத்தியும், வாரவாரியாக விலை ஏற்ற இறக்கம் காட்டும் ஓர் அட்டவணையும். முக்கால் பக்கம். படம் எடுத்தேன். அதை ஸ்டேட்டஸில் போடுவது எப்படி என்று தெரியவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதை ஒருத்தருக்கு மட்டும் தெரியற மாதிரி போடணும்."

"யாருக்கு?"

"பிலோமினாவுக்கு."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவளைத்தான் உனக்குப் பிடிக்காதே."

"பிடிக்காது" என்றேன். போட்டுக்கொடுத்தார்.

பதினொரு மணிக்கு உரை. அரங்கில் மின்விசிறிகள் ஓடின, ஒலிபெருக்கி ஓடவில்லை. கத்திப் பேசினேன். ஒதுக்கிவைத்திருந்த நஸ்ரினின் சீட்டைக் காலையில் மறுபடி சேர்த்திருந்தேன். மற்றவர்களுடையது அவ்வளவாக மாறவில்லை, போனில் கரைகிறவர்கள் தேர்விலும் கரைகிறார்கள்தான். ஆனால் இந்த ஒரு சீட்டுக்கு என்னிடம் விளக்கம் இல்லை, இதை முதலில் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். முதல்வர் முதல் வரிசையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நஸ்ரின் கையைத் தூக்கவில்லை. நானே அவளைப் பார்த்து, "ஜனவரியில ஒரு கேள்வி கேட்டே" என்றேன். போனை எடுத்தேன். நேரக் கணக்கை எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவள்தான் மேடைக்கு வந்து இடத்தைக் கண்டுபிடித்துக்கொடுத்தாள். எண்ணை வாசித்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அரங்கம் முழுக்கக் கேட்டது, அது போதும்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எங்களைவிட ஜாஸ்தி மேம்" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

நஸ்ரின் இன்னும் பக்கத்தில்தான் நின்றாள். "அவ்வளவு நேரம் என்ன மேம் பார்த்தீங்க?"

"கூடப் படிச்ச ஒருத்தி எழுதினதை."

"படிச்சீங்களா?"

"இல்லை" என்றேன். "பார்த்தேன்."

ஆசிரியர் அறைக்கு வந்து டீ வாங்கிவைத்துக்கொண்டு போனைத் திறந்தேன். என் படத்தின் கீழே அந்தக் கண் குறி. பக்கத்தில் 1. தொட்டேன். பிலோமினா. நான் போட்ட நிமிடமே பார்த்திருக்கிறாள்.

ஆனால் செய்தி அனுப்பியது வெகுநேரம் கழித்து. "அட்டவணை 5.1ல ரஸ்தாளி வரிசையோட கூட்டுத்தொகை தப்பு. நீயா தப்பாக் கூட்டினேன்னு நம்பாம திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். மத்தபடி நல்லா இருக்கு. நாளைக்கு அடுத்த பக்கம்."

எரிச்சல்தான் முதலில் வந்தது. பிலோமினா, என் கூட்டலை. டீ ஆறும்வரை அந்த எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பையிலிருந்து தாளை எடுத்து, ரஸ்தாளி வரிசையை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் கூட்டினேன்.

தப்புதான்.